மாற்றி வைத்த டேலியாக்கள்

பக்கத்து வீட்டு அக்கா கையில் மூடிய தட்டோடு வாசலில் வந்து நின்றால் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டு எழுந்துவிடுவோம். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்போம். "அலமாக், ஒண்ணும் இல்ல லா. முதல்ல சாப்பிடு" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். எல்லா நாளும் கெட்ட செய்தி இருக்காது. வெறுமனே கொண்டைக்கடலை மிஞ்சிப்போனதுகூடக் காரணமாக இருக்கும். ஆனாலும் அந்தத் தட்டைப் பார்த்தால் பயம்தான்.

என் அப்பா போன அன்று எனக்குக் கிடைத்ததும் அந்தத் தட்டுதான். அப்பா ஜோகூர் பாருவில் மருத்துவமனையில் இருந்தார். காலையில் குளித்துவிட்டுப் போகலாம் என்று கெலாங் பாத்தாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தேன். என் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. மருத்துவமனையில் இரண்டாவது எண்ணாக அக்காவின் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

குளித்துவிட்டு வந்தபோது அக்கா என் சமையலறையில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். மீன் குழம்பு, ரசம், பொரித்த கத்தரிக்காய். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்க மா" என்றார். ஊற்றிக்கொண்டேன். கை கழுவிவிட்டுத் திரும்பியதும் என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா போயிட்டாரு மா. நீ குளிக்கப் போனப்ப போன் வந்துச்சு."

நான் அவரைத் தள்ளிவிட்டேன். அப்பா அங்கே பிணமாகக் கிடக்கும்போது என்னை உட்காரவைத்துக் கத்தரிக்காய் போட்டாயே என்று கத்தினேன். அக்கா சுவரில் சாய்ந்து நின்றபடி மெதுவாகச் சொன்னார்: "இப்ப சொன்னா நீ சாப்பிட மாட்ட. இனிமே நாளைக்கு வரைக்கும் உன் வாயில தண்ணிகூட போவாது. அதான்."

அவர் சொன்னபடியே ஆனது. மறுநாள் மாலை வரை நான் எதுவும் சாப்பிடவில்லை, மயங்கியும் விழவில்லை. ஆனாலும் பல வாரங்கள் அவரோடு பேசவில்லை. எனக்கு வந்த செய்தியை என்னிடம் எப்போது தருவது என்று தீர்மானிக்க இவர் யார் என்ற கோபம் இருந்தது. அந்தக் கோபம் எப்போது போனது என்று நினைவில்லை. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பசியாறிட்டியா?" என்று கேட்டார். "ஆச்சுக்கா" என்றேன். அவ்வளவுதான்.

கெட்டது எதையும் இருந்த இடத்தில், இருந்தபடி, இன்னொருவர் பார்க்க அக்கா விடமாட்டார். தன் மகள் சின்னவளாக இருந்தபோது தொட்டியில் மீன் செத்தால், பள்ளி விட்டு அவள் வருவதற்குள் அதே நிறத்தில் இன்னொன்று நீந்திக்கொண்டிருக்கும். அந்த மகள் வளர்ந்து, பினாங்கில் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் ஒருநாள் என்னிடம் கேட்டாள், "எங்க மீனு மட்டும் எப்படி ஆண்ட்டி அவ்ளோ வருஷம் இருந்துச்சு?" என்று. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டேலியாக்களும் அப்படித்தான் இருந்தன.

அக்காவின் கணவருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாவது பாலத்தைக் கடந்துவிடுவார். திரும்பி வர இருட்டிவிடும். ஞாயிறு ஒருநாள்தான் அவருக்கு வீட்டில் வெளிச்சம். அந்த ஒருநாள் முழுக்க டேலியாவுக்கு.

கல்யாணமான புதிதில் இருவரும் கேமரன் மலைக்குப் போயிருக்கிறார்கள். தங்கிய விடுதியின் வாசலில் டேலியா பூத்திருந்ததாம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. அக்கா ஏதோ பேச்சுக்கு, "இந்த மாதிரி ஒண்ணு நம்ம வீட்டுல இருந்தா நல்லா இருக்கும்ல" என்று சொல்லிவிட்டார். அண்ணன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அது குளிர்ப்பிரதேசப் பூ, ஜோகூர் வெயிலிலும் மழையிலும் கிழங்கு அழுகிவிடும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. மண்ணோடு ஆற்று மணலையும் கருக்கிய உமியையும் கலந்தார். தண்ணீர் தேங்காமல் இருக்கத் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார். மேலே கறுப்பு வலை கட்டினார். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி வைக்க வேண்டும், வேர் குளிர்ந்து இருக்கும் என்று கண்டுபிடித்தார். மத்தியானம் அவர் துவாஸில் இருப்பார். ஐஸ் கட்டி வைப்பது அக்காவின் வேலை.

"அந்த மலையில நான் சும்மா சொன்னேன் லா" என்று ஒருமுறை அக்கா என்னிடம் சொன்னார். ஐஸ் தட்டைத் தொட்டி மேல் தட்டிக்கொண்டே. "எனக்கு மல்லிதான் பிடிக்கும். இதுல ஒரு வாசனையும் இல்ல."

"அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லி?"

அடுத்த ஐஸ் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொட்டிக்கு நகர்ந்தார்.

கிழங்குகள் அழுகின. ஐஸ் வைத்தும் அழுகின, வைக்காமலும் அழுகின. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை நட்டுவிட்டுப் போவார். வாரக்கடைசிக்குள் மண்ணை லேசாக விலக்கினால் உள்ளே கொழகொழவென்று இருக்கும். முதல் தடவை நான் பார்த்தபோது அக்கா அந்த அழுகலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு என் வாசலில் வந்து நின்று, "கார் எடுக்கிறியா, பெக்கான் நானாஸ் வரைக்கும் போய்ட்டு வந்துரலாம்" என்றார்.

பெக்கான் நானாஸ் போகும் சாலையில் ஒரு சீனருடைய செடிக்கடை இருந்தது. கேமரன் மலையிலிருந்து அவருக்கு லாரியில் செடிகள் வரும். ரோஜா, ஜெரானியம், அவற்றுக்கு நடுவில் கறுப்புப் பைகளில் டேலியாக் கன்றுகள். அக்கா ஒன்றைப் பொறுக்கியெடுத்து வந்து, அழுகிய கிழங்கு இருந்த அதே குழியில் வைத்து, மண்ணை அணைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குனிந்து பார்த்தார். இரண்டு இலை விட்டிருந்தது.

"தங்கச்சி! இங்க வந்து பாரு!" என்று சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட்டார். "வளராது வளராதுன்னாங்க!"

அக்கா பின்னால் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு இது வருஷா வருஷம் நடந்தது. சில வருஷம் ஒரே செடிக்கு இரண்டு தடவை போவோம், முளைக்கு ஒருமுறை, மொட்டுக்கு ஒருமுறை. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் அந்தக் கடை முதலாளிக்கு அக்காவை நன்றாகத் தெரிந்துவிட்டது. காரை விட்டு இறங்கும்போதே மலாயில், "மாத்தி?" என்று கேட்பார். செத்துப்போச்சா என்று அர்த்தம். அக்கா, "ஆமா, மாத்தணும்" என்று தமிழிலேயே பதில் சொல்வார். ஒருமுறை இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அந்தச் சொல்லின் இரட்டை அர்த்தம் புரிந்து, தவுக்கே கல்லாவில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் காருக்குள் இருந்தேன். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். சிவப்பு என்று நினைத்து வாங்கி வந்தது மஞ்சளாகப் பூத்துவிட்டது. அண்ணன் பூவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "போன வருஷம் இது செவப்புதான?"

"மண்ணுல ஏதாச்சும் சத்து மாறியிருக்கும்" என்றார் அக்கா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

அண்ணன் யோசித்தார். யோசித்து, உமிக்கரியில் இருக்கும் ஏதோ உப்புதான் நிறத்தை மாற்றுகிறது என்று முடிவுக்கு வந்தார். கோயிலில் அன்னதானத்துக்கு உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் விளக்கினார். ஒரு பெரியவர் தன் வீட்டு ரோஜாவுக்கு உமிக்கரி போட்டே விட்டார். அன்று வீட்டுக்கு வந்து நானும் அக்காவும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு நான் கேட்டேன், "என்னைக்காச்சும் தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"ஏன் தெரியப்போவுது?" என்றார். "அவரு நாள் பூரா மெசினுக்கு முன்னாடி நிக்கிறாரு. போற வழியெல்லாம் மழை. ஜாம்ல மணிக்கணக்கா நிக்கணும். ஞாயித்துக்கெழமை ஒரு பூவப் பாத்து சந்தோஷப்படட்டும். அதுல என்ன உனக்கு?"

எனக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த மஞ்சள் பூவைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மனுஷி என்னிடம் எதையெல்லாம் மாற்றி வைத்திருக்கிறாரோ என்று தோன்றும்.

பிறகு நோய் வந்தது. உலகத்துக்கே வந்த நோயைச் சொல்கிறேன். எல்லையை மூடப்போகிறார்கள் என்று சொன்ன அன்று, போனவர்கள் அங்கேயே இருக்கலாம், வந்தவர்கள் திரும்பப் போக முடியாது என்ற நிலை. அண்ணன் ஒரு பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார். இரண்டு வாரம் என்றார்கள். அது மாதங்களாகி, வருஷத்தைத் தாண்டியது. முதலாளி கொடுத்த அறையில் ஆறு பேரில் ஒருவராக இருந்தார். மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. வீட்டுக்கடன் இருந்தது. வேலையை விட்டுவிட்டு வர முடியாது.

சாயங்காலமானால் வீடியோவில் பேசுவார். முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" இரண்டாவது, "செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்பார் அக்கா.

செடிக்கடை மூடிக்கிடந்தது. கேமரன் லாரி வரவில்லை. பத்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று போலீஸ் நின்றது. தொட்டியில் இருந்தவை ஒவ்வொன்றாகக் கருகின. அக்கா கைப்பேசியில் இருந்த பழைய படங்களை அனுப்பிவைத்தார். நேரில் காட்டு என்று அவர் கேட்டால், வெளியே இருட்டிவிட்டது, மழை, கேமரா சரியில்லை என்று ஏதாவது சொல்வார்.

எனக்குத் தெரியாமல் அவர் இன்னொன்றையும் மறைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றார். "கேஸ்டிரிக் லா" என்றார். மாதக்கணக்கில் கேஸ்டிரிக் என்றே சொன்னார். கன்னம் ஒட்டிவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறியது. கடைசியில் நான் சண்டை போட்டு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு நாள் வரச்சொன்னார்கள். கணையத்தில் கட்டி, பரவியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது நானும் உள்ளே இருந்தேன். அக்கா கவனமாகத் தலையாட்டிக் கேட்டார். வெளியே வந்ததும், "ரொட்டி வாங்கணும், கடை மூடிருவான்" என்றார்.

காரில் நான் அழுதேன். "அண்ணன்கிட்ட இன்னைக்கே சொல்லுங்கக்கா."

"சொன்னா வந்துருவாரு."

"வரட்டும்!"

"வந்தா திரும்பிப் போவ முடியாது. பெர்மிட்டு போயிரும். புள்ள கடைசி வருஷத்துல இருக்கா. அவ முடிச்சிரட்டும். நான் நேரம் பாத்து சொல்லிக்கிறேன்."

"எப்பக்கா? எப்ப நேரம் பாத்து?"

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு வாரம் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி என்று சொன்னேன். பரவிவிட்டது என்றும் சொன்னேன். பிறகு, "நான் அவகிட்ட பேசிட்டு வர்றேன்" என்று அண்ணன் வைத்துவிட்டார்.

சுவர் வழியாக எனக்கு அக்காவின் குரல் கேட்டது. சாதாரணமாகப் பேசினார். சிரிக்கவும் செய்தார். "அவளுக்கு என்ன தெரியும்? அவங்கப்பா போனதுலேர்ந்து ஆஸ்பத்திரின்னாலே அவளுக்குப் பயம். டாக்டர் ஒண்ணு சொன்னா இவ ஒண்ணு கேக்கறா. சின்னக் கட்டிதான். மருந்து குடுத்திருக்காங்க. பாருங்க, என் மூஞ்சியப் பாருங்க. நோயாளி மாதிரியா இருக்கேன்?"

அன்று அவர் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார், பொட்டும் பெரிதாக வைத்திருந்தார். அண்ணன் அவரைத்தான் நம்பினார். அத்தனை வருஷம் நம்பிய பழக்கம்.

நாலைந்து நாள் அக்கா என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் மூடிய தட்டோடு வந்தார். தட்டைத் தூக்கக்கூட முடியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நீ பண்ணது தப்பில்ல" என்றார். "ஆனா இனிமே பண்ணாத."

அந்தச் சமயத்தில்தான் அவர் டேலியாவை உண்மையிலேயே வளர்க்க ஆரம்பித்தார்.

அண்ணன் போவதற்கு முன் எடுத்துவைத்த கிழங்குகள் நாலு, பிஸ்கட் டின்னில் மணலுக்குள் கிடந்தன. மூன்று போய்விட்டன. நாலாவது பாதி அழுகியிருந்தது. அக்கா அதைச் சமையலறைக் கத்தியால் வெட்டினார். கறுத்ததெல்லாம் போய் வெள்ளை தெரியும் வரை வெட்டினார். வெட்டிய இடத்தில் மஞ்சள் தூளை அப்பி, ஜன்னலோரம் காயவைத்தார். பிறகு அண்ணன் சொன்ன முன்வாசலில் வைக்காமல், துணி துவைக்கும் பின்பக்கத்தில் வைத்தார். அங்கே காலை வெயில் மட்டும் வரும். ஐஸ் எதுவும் வைக்கவில்லை. "அவரு முறைப்படி செஞ்சாதான் அழுவிப்போவுதே" என்றார்.

அதைப் பார்க்கத்தான் காலையில் எழுந்து வந்தார் என்று நினைக்கிறேன். ஒரு நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேசத் தெம்பிருக்காது. முளை வந்தது. அதை என்னிடம் சொல்லவில்லை, விரலால் காட்டினார். இலை விட்டது. மழைக்காலம் வந்தபோது என்னைக் கூப்பிட்டுத் தொட்டியை உள்ளே தூக்கி வைக்கச் சொன்னார். மழை விட்டதும் வெளியே. மறுபடி உள்ளே. என் இடுப்பு போய்விட்டது. ஒருநாள் சலிப்பில், "கடை தொறந்துருவாங்கக்கா, அப்ப ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

"வேணாம்" என்றார். "இத வரவைக்கணும்."

மொட்டு வந்த பிறகு பல நாள் அது அப்படியே இருந்தது. உதிர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. விழுந்துவிட்டார் என்று நினைத்து வெறுங்காலோடு ஓடினேன். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நெசம்! பாரு மா, நெசமாவே வந்துருச்சு!"

எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய பூ. ஆழ்ந்த சிவப்பு, உள்ளே கறுப்பு கலந்த மாதிரி. ஒரு பக்கம் இதழ்கள் சரியாக விரியவில்லை. கேமரன் செடிகளோடு வைத்தால் கண்ணுக்கே தெரியாது. அக்கா அதன் பின்புறத்தை ஒரு விரலால் தாங்கிப் பிடித்திருந்தார், குழந்தையின் தாடையைப் பிடிப்பதுபோல. அழுதுகொண்டே சிரித்தார். நெசம் என்றால் என்ன என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயால் அதைக் கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

"இன்னைக்குப் பழைய படம் வேணாம்" என்றார். "நேர்ல காட்டப் போறேன்."

அன்று மாலை காட்டினார். பேசி முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். அப்போதெல்லாம் அந்தப் பத்தடி தூரத்தை நடக்க அவருக்கு வெகுநேரம் பிடிக்கும். சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணன் என்னக்கா சொன்னாரு?"

"அதையேன் கேக்குற? ரொம்ப சந்தோஷம் அவருக்கு. பேச்சே வரல. கண்ணெல்லாம் கலங்கிருச்சு."

பிறகு அந்தப் பூவுக்கு எத்தனை நாள் ஆயுள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

பூ உதிர்வதற்கு முன்பே அக்காவை ஆம்புலன்சில் ஏற்றினோம். மகள் மாநிலம் தாண்ட அனுமதி வாங்கி, ஒருவழியாகப் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு நினைவு இருந்தது. "பரீச்சை எப்படி எழுதின?" என்று கேட்டாராம். அதற்கு மறுநாள் போய்விட்டார்.

அண்ணனுக்கு வர அனுமதி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். அண்ணனின் தம்பிதான் காரியங்களைச் செய்தார். என் கையில் கைப்பேசி. அதற்குள் அண்ணன். அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சவ வண்டியைப் பின்சந்து வழியாகத்தான் கொண்டுவர முடிந்தது. வழியில் தொட்டிகள் இடைஞ்சலாக இருந்தன. தம்பி, "அண்ணே, பூச்சட்டியெல்லாம் என்ன பண்றது?" என்று கேட்டார். "எடுத்துப் போடுங்கடா, அதுவா முக்கியம் இப்ப" என்று கைப்பேசிக்குள்ளிருந்து அண்ணன் அலறினார். எடுத்துப் போட்டார்கள். நான் அக்காவின் தலைமாட்டில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பின்பக்கம் காலியாக இருந்தது. நகராட்சி லாரி அடுத்த நாளே சந்து முழுவதையும் சுத்தம் செய்துவிட்டது.

எல்லை திறந்த பிறகு அண்ணன் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. கொஞ்ச நாளில் புதிய தொட்டிகள் வாங்கினார். செங்கல் அடுக்கினார். மணல், உமிக்கரி, கறுப்பு வலை. கேமரனிலிருந்து கிழங்கு வரவழைத்தார். இப்போது அவருக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கமே வேலை. மத்தியானம் வந்து அவரே ஐஸ் கட்டி வைத்துவிட்டுப் போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கை முழுக்கச் சேறு. உள்ளங்கையில் ஒரு அழுகல்.

"மூணாவது இது" என்றார். "அவ இருக்கிற வரைக்கும் ஒண்ணுகூட இப்படி ஆனதில்ல. அவ கைராசி போல, தங்கச்சி."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை வைத்துக்கொண்டே மிச்ச நாளை ஓட்டியிருப்பார். ஆனால் அவரது இன்னொரு கையில் அடுத்த கிழங்கு இருந்தது, அதையும் நட்டுவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

"ஆச்சு அண்ணே" என்றேன். "எல்லா வருஷமும் ஆச்சு."

சொன்னேன். பெக்கான் நானாஸ் கடை, லாரி, தவுக்கே எல்லாவற்றையும். மஞ்சள் பூவைப் பற்றிச் சொன்னபோது அவர் உதடு லேசாக அசைந்தது. "நான் கோயில்ல உக்காந்து எல்லாருக்கும் பாடம் நடத்தினேனே" என்றார். கையிலிருந்த அழுகலைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கடைசியா ஒண்ணு காட்டினாளே. அப்ப கடையெல்லாம் மூடிக் கெடந்துச்சே. அது ஏது?"

"அது நெசம் அண்ணே. அது ஒண்ணுதான் நெசம்."

கத்தி, மஞ்சள் தூள், பின்பக்கத்து வெயில், மழைக்குத் தொட்டியை உள்ளே தூக்கியது என்று எல்லாம் சொன்னேன். அவர் சாக்கடை ஓரத்துச் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன சொன்னேன்னு உன்கிட்ட சொன்னாளா?"

"ரொம்ப சந்தோஷப்பட்டீங்கன்னு சொன்னாங்க. பேச்சே வரல, கண்ணு கலங்கிருச்சுன்னு."

அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன இது, இவ்ளோ சின்னதா பூத்திருக்குன்னு கேட்டேன். நான் இருந்தப்ப தட்டு மாதிரி பூத்துச்சே, ஒழுங்கா ஐஸ் வெக்கிறியா இல்லையான்னு கேட்டேன். அவ சிரிச்சா. அடுத்த தடவ பெருசா வரும்னா."

அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.